ஓய்வு பெற்றவருக்கு மருத்துவக் காப்புறுதி: கையொப்பத்துக்கு முன் ஒரு கணக்கு



போன மாதம் களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு கிராமத்தில் முதியோர் சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். கூட்டம் முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது ஓய்வு பெற்ற ரீச்சர் ஒருவர் அருகில் வந்து அமர்ந்தார். வயது 67. கைப்பையிலிருந்து பளபளப்பான ஒரு துண்டுப் பிரசுரத்தையும் நிரப்பாத ஒரு படிவத்தையும் எடுத்து என் மடியில் வைத்தார்.

"புள்ள, நாளைக்கு அந்தத் தம்பி வருவார். இதில ஒப்பம் வைக்கவா, வேணாமா? நீங்க படிச்ச ஆள், சொல்லுங்க."

படித்த ஆள் என்ற அந்தச் சொல் என்னைக் குத்தியது. அதே போன்ற ஒரு படிவத்தை என் கையாலேயே நிரப்பி, என் சொந்தப் பெரியம்மாவை நட்டப்படுத்தியவள் நான். ரீச்சருக்குப் பதில் சொல்லுமுன் அந்தக் கதையை அவருக்குச் சொன்னேன். உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

பெரியம்மா கூட்டுறவுச் சங்கமொன்றில் எழுதுவினைஞராக வேலை செய்தவர். ஓய்வூதியம் இல்லை. ஊழியர் சேமலாப நிதியில் கிடைத்த பணத்தில் வீட்டுக்குக் கூரை மாற்றியது போக மீதி வங்கியில் கிடந்தது. 2020 இல் வெளிநாட்டில் இருக்கும் மகள், "அம்மாவுக்கு ஒரு மருத்துவக் காப்புறுதி எடுத்து வையுங்க அக்கா, காசு நான் அனுப்புறன்" என்று என்னிடம் சொன்னாள். எங்களுக்குத் தெரிந்த முகவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். பெரியம்மாவுக்குக் கண் மங்கல் என்பதால் படிவத்தை நான் நிரப்பினேன்.

இரண்டாம் பக்கத்தில் ஒரு கேள்வி இருந்தது. நீரிழிவு, உயர் குருதி அமுக்கம், இருதய நோய் ஆகியவற்றுக்கு எப்போதாவது சிகிச்சை பெற்றிருக்கிறீர்களா? பெரியம்மா எட்டு வருடமாக மாதாமாதம் நீரிழிவுக் கிளினிக்குக்குப் போகிறவர். முகவர் சொன்னார்: "இந்த வயசில ஆருக்கு மிஸ் சீனி வருத்தம் இல்ல? அதை எழுதினா கட்டுப்பணமும் கூடும், இழுபடவும் செய்யும். இல்லை எண்டு போடுங்க." நான் போட்டேன். பெரியம்மா கீழே ஒப்பம் வைத்தார்.

வருடத்துக்கு 38,000 ரூபாய் என்று இரண்டு தடவை கட்டினோம். 2022 இல் பெரியம்மாவின் காலில் புண் வந்து காய்ச்சலும் பிடித்தது. அந்த வருடம் எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். எரிபொருள் வரிசை ஒருபக்கம், அரச வைத்தியசாலைகளில் மருந்துத் தட்டுப்பாடு ஒருபக்கம். மருந்துகளின் அதிகபட்ச விலையை அந்த ஒரே வருடத்தில் முதலில் 29 சதவீதமும், பிறகு பல மருந்துகளுக்கு 40 சதவீதமும் கூட்ட அனுமதி கொடுத்தார்கள். "காப்புறுதி இருக்குத்தானே" என்று துணிந்து தனியார் வைத்தியசாலையில் சேர்த்தோம். பதினொரு நாள். 215,000 ரூபாய் பில். காப்புறுதி இல்லாவிட்டால் அந்தப் பக்கமே போயிருக்கமாட்டோம்.

கோரிக்கையை அனுப்பினோம். ஆறு வாரத்தில் கடிதம் வந்தது. வைத்தியசாலை கொடுத்த நோய் நிர்ணய அட்டையிலேயே 'எட்டு வருட நீரிழிவு' என்று எழுதியிருந்தது. படிவத்தில் 'இல்லை'. முக்கிய தகவல் மறைக்கப்பட்டதால் பணம் தர முடியாது, ஒப்பந்தமும் செல்லாது. முகவரைத் தேடினால் அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். பெரியம்மா தன் இரண்டு காப்பை அடகு வைத்தார். ஒரு காப்பு இன்னும் மீளவில்லை. அந்த 'இல்லை'யை யார் போட்டது என்று அவர் இன்றுவரை என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

கம்பனியையோ முகவரையோ திட்டுவதற்காக நான் இதை எழுதவில்லை. காப்புறுதி என்பது இரு தரப்பும் ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டிய ஒப்பந்தம். அந்த முதல் விதியை மீறியவர்கள் நாங்கள்தான். இதற்குப் பிறகுதான் இந்த விடயத்தை உட்கார்ந்து படித்தேன். படித்ததில் ஓய்வு பெற்றவர்களுக்கும், அவர்களைப் பார்த்துக்கொள்ளும் உங்களுக்கும் உதவக்கூடியவற்றை இங்கே தருகிறேன்.

முதலில், நமக்கு ஏற்கனவே இருப்பது என்ன?

வேறு சில நாட்டுக்காரர் காப்புறுதி இல்லாமல் வைத்தியசாலை வாசலை மிதிக்கப் பயப்படுவார்கள். நம் நாட்டில் அப்படியில்லை. அரச வைத்தியசாலையில் வைத்தியரைக் காண, வாட்டில் தங்க, சத்திரசிகிச்சை செய்ய, கிளினிக்கில் மாத மருந்து எடுக்கக் கட்டணம் இல்லை. 2016 இல் தொடங்கிய 1990 சுவசெரிய அம்பியூலன்சும் இலவசம். ஆகவே நாம் வாங்குவது அந்த இலவச சேவையின் மேல் வைக்கும் மேலதிகம் மட்டுமே. அரச சேவை எங்கே கைவிடுகிறதோ அந்த இடைவெளியை நிரப்ப மட்டும் பணம் கொடுத்தால் போதும்.

உங்கள் வீட்டில் அந்த இடைவெளி எது? இதைத்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும். சிலருக்கு, "வெளியில வாங்குங்க" என்று துண்டு எழுதித் தரும் மருந்து. சிலருக்கு வெளியில் செய்யும் இரத்தப் பரிசோதனையும் ஸ்கானும். சிலருக்குத் தனியார் கிளினிக்கில் விசேட வைத்திய நிபுணரைக் காணும் கட்டணம். சிலருக்கு ஓட்டோக் கூலி, துணைக்கு நிற்பவரின் சாப்பாடு, அவருடைய இழந்த நாட்கூலி. இன்னும் சிலருக்குச் சத்திரசிகிச்சைக்கான நீண்ட காத்திருப்பு.

இந்தப் பட்டியலை ஏன் போடச் சொல்கிறேன் என்றால், சந்தையில் விற்கும் அடிப்படைத் திட்டங்களில் பல, வைத்தியசாலையில் ஒரு இரவாவது தங்கினால்தான் பணம் தரும். வெளியில் வாங்கும் மாத மருந்துக்கும் கிளினிக் செலவுக்கும் தராது, அல்லது மிகச் சிறிய எல்லைக்குள் தரும். உங்கள் செலவு முழுவதும் மருந்துக் கடையில் என்றால், வாட்டுக்குப் பணம் தரும் பத்திரம் உங்களுக்கு எதற்கு?

மூன்று வகைத் திட்டங்கள்

பெயர்கள் எத்தனை விதமாக இருந்தாலும் அடிப்படையில் மூன்று வகைதான்.

ஒன்று, செலவை மீளத் தருவது. பில்லைக் காட்டினால், காப்புறுதித் தொகையின் எல்லைக்குள், செலவழித்த அளவுக்குப் பணம் கிடைக்கும். தனியார் வைத்தியசாலைக்குப் போகிறவர்களுக்கு இது பொருந்தும். ஆனால் ஒரு விடயத்தை யோசியுங்கள். அரச வாட்டில் தங்கினால் பில்லே வராது. பில் இல்லாவிட்டால் மீளக் கேட்க என்ன இருக்கிறது?

இரண்டு, நாளாந்தக் கொடுப்பனவு. வைத்தியசாலையில் தங்கிய ஒவ்வொரு நாளுக்கும் ஒப்பந்தத்தில் சொன்ன தொகை கிடைக்கும். செலவு எவ்வளவு என்று கேட்கமாட்டார்கள். அரச வைத்தியசாலையில் தங்கினாலும் தரும் திட்டங்கள் உண்டு. ஓட்டோவுக்கும் துணை நிற்பவருக்கும் வெளியில் வாங்கிய மருந்துக்கும் அந்தப் பணம் உதவும். அரச வைத்தியசாலையையே நம்பியிருக்கும் நம் போன்ற குடும்பங்களுக்கு இந்த வகைதான் பெரும்பாலும் பொருத்தம். முகவர்களோ முதலாவது வகையைத்தான் முன்னால் காட்டுவார்கள். அதில் தொகை பெரிதாகத் தெரியும்.

மூன்று, கடும் நோய்க் காப்புறுதி. புற்றுநோய், மாரடைப்பு, சிறுநீரகச் செயலிழப்பு என்று பத்திரத்தில் பெயர் குறித்த நோய் வந்தால் ஒரே தடவையில் ஒரு தொகை. பெயர் இல்லாத நோய்க்கு ஒன்றும் இல்லை. வயது ஏற ஏற இதற்கான கட்டுப்பணம் வேகமாகக் கூடும்.

புதிதாக வாங்குமுன் இருப்பதைப் பாருங்கள்

அரச சேவையில் இருந்தவர்களுக்கு 'அக்ரஹார' என்ற காப்புறுதித் திட்டம் 1997 இல் தொடங்கியது. 2006 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் இதை நடத்துகிறது. முதலில் இது சேவையில் உள்ளவர்களுக்கு மட்டுமே. 2016 முதல் ஓய்வு பெறுகிறவர்களும் இதற்குள் கொண்டுவரப்பட்டார்கள். இதற்கான சந்தா மாத ஓய்வூதியத்திலிருந்தே கழிக்கப்படும். நீங்கள் ஓய்வு பெற்ற திகதிக்கு என்ன உரித்து, துணைவருக்கும் உண்டா, எதற்கு எவ்வளவு என்பதைப் பிரதேச செயலகத்தின் ஓய்வூதியப் பிரிவில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கோரிக்கை அனுப்ப எத்தனை நாள் அவகாசம் என்பதையும் மறக்காமல் கேளுங்கள்.

தனியார் துறையிலும் கூட்டுறவுச் சங்கங்களிலும் வேலை செய்தவர்களுக்கு இப்படி ஒன்று இல்லை. பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் ஊழியர் சேமலாப நிதியை எடுக்கலாம். எடுக்கும் பணம் பெரும்பாலும் வீட்டுக்கோ பிள்ளையின் கலியாணத்துக்கோ போய்விடுகிறது. அதில் ஒரு பங்கை நோய்ச் செலவுக்கென்று ஒதுக்குகிற குடும்பங்களை நான் மிகக் குறைவாகவே கண்டிருக்கிறேன். வேலை செய்யும் காலத்தில் கம்பனி கொடுத்த கூட்டுக் காப்புறுதி பொதுவாக வேலையோடு முடிந்துவிடும். ஆகவே ஓய்வுக்கு ஒன்றிரண்டு வருடம் முன்பே, உடம்பு நன்றாக இருக்கும்போதே, தனிப்பட்ட திட்டமொன்றைப் பற்றி யோசிப்பது நல்லது.

பெண்களாகிய நாம் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். காப்புறுதி யாருடைய பெயரில் இருக்கிறது? பல வீடுகளில் கணவர்தான் உறுப்பினர், மனைவி அவரில் தங்கியிருப்பவர். நம் நாட்டில் ஆண்களைவிடப் பெண்கள் கூடிய காலம் வாழ்கிறார்கள். கணவர் காலமான பிறகு மனைவிக்கு அந்தக் காப்புறுதி தொடருமா, நிற்குமா? முதியோர் சங்கங்களில் நான் சந்திக்கும் விதவைத் தாய்மாரில் பலர் இதை ஒருநாளும் கேட்டதில்லை. கணவர் உயிரோடு இருக்கும்போதே கேட்க வேண்டிய கேள்வி இது.

கையொப்பத்துக்கு முன் கேட்க வேண்டியவை

இந்தப் பகுதியைக் கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப் பதிலை நம்ப வேண்டாம். பத்திரத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள்.

1. எந்த வயதுவரை சேரலாம்? எந்த வயதுவரை புதுப்பிக்கலாம்? 65 இல் சேர்த்து 70 இல் நிறுத்திவிடும் திட்டம் தேவைப்படும் காலத்தில் உதவாது.

2. ஏற்கனவே உள்ள நோய்க்குப் பணம் தருவார்களா? ஒருபோதும் இல்லையா, அல்லது சில வருடம் கழித்தா?

3. காத்திருப்புக் காலம் எவ்வளவு? கண்ணில் வெண்படலம், குடலிறக்கம், மூட்டு போன்றவற்றுக்குத் தனியான காத்திருப்பு இருக்கிறதா? இந்த வயதில் வருபவை இவைதான்.

4. அரச வைத்தியசாலையில் தங்கினால் பணம் உண்டா? எத்தனையாவது நாளிலிருந்து? வருடத்துக்கு எத்தனை நாள்?

5. மொத்தத் தொகைக்குள் சிறு எல்லைகள் உண்டா? மூன்று இலட்சம் என்று முன்பக்கத்தில் இருக்கும். உள்ளே அறைக்கு இவ்வளவு, வைத்தியருக்கு இவ்வளவு என்று கட்டியிருப்பார்கள்.

6. வருடா வருடம் கட்டுப்பணம் எப்படிக் கூடும்? இன்று 60 வயதுக்காரர் கட்டும் தொகையை மட்டும் பார்க்காமல் 65, 70 வயதுக்காரர் என்ன கட்டுகிறார் என்றும் கேளுங்கள்.

7. ஒரு தவணை தவறினால் என்ன நடக்கும்? பிள்ளை வெளிநாட்டிலிருந்து அனுப்பும் பணத்தில் கட்டுகிறவர்களுக்கு இது மிக முக்கியம்.

படிவத்தை நிரப்பும்போது கிளினிக் கொப்பியை மேசையில் வைத்துக்கொண்டு நிரப்புங்கள். என்ன வருத்தம், எந்த வருடம், என்ன குளிசை, எல்லாவற்றையும் எழுதுங்கள். கட்டுப்பணம் கூடினால் கூடட்டும். மறுத்தால் இப்போதே மறுக்கட்டும், கையில் காசாவது மிஞ்சும். முகவர் எழுதினாலும் மகள் எழுதினாலும் கீழே ஒப்பம் வைப்பவர்தான் பொறுப்பு. வெற்றுப் படிவத்தில் ஒருபோதும் ஒப்பம் வைக்காதீர்கள். நிரப்பிய படிவத்தின் போட்டோப் பிரதி ஒன்று உங்களிடம் இருக்கட்டும். வீடு திரும்பும்போது நோய் நிர்ணய அட்டையைக் கேட்டு வாங்குங்கள். வெளியில் வாங்கிய மருந்தின் பற்றுச்சீட்டுகளை ஒரே உறையில் போட்டு வையுங்கள்.

நியாயமில்லாமல் மறுத்தால் முதலில் கம்பனிக்கு எழுத்தில் முறையிடுங்கள். சரிவராவிட்டால் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். 2000 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் கம்பனிகளைக் கண்காணிக்கும் இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவும் இருக்கிறது. ஆனால் படிவத்தில் நாமே பொய் எழுதியிருந்தால் அங்கே போய் என்ன சொல்ல முடியும்? நாங்கள் போகாததற்குக் காரணம் அதுதான்.

ரீச்சர் என்ன செய்தார்?

இதையெல்லாம் கேட்ட ரீச்சர், "அப்ப என்ர கணக்கைப் பார்ப்பமே" என்று தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் கடந்த ஒரு வருடச் செலவை எழுதினோம். வெளியில் வாங்கிய மருந்து, இரத்தப் பரிசோதனை, கண் நிபுணர், ஓட்டோ. மொத்தம் 64,000 ரூபாய்க்குச் சற்று மேல். அதில் வாட்டில் தங்கியதோடு சம்பந்தப்பட்டது 9,000 மட்டுமே. அந்தப் படிவத்தின் திட்டமோ வாட்டில் தங்கினால் மட்டும் பணம் தருவது. கட்டுப்பணம் வருடத்துக்கு 52,000. நீரிழிவு, குருதி அமுக்கம் இரண்டும் ரீச்சருக்கு இருப்பதால் அவற்றோடு தொடர்புள்ள எதற்கும் முதல் மூன்று வருடம் ஒன்றுமில்லை என்று எட்டாம் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருந்தது.

பிறகு ஓய்வூதியச் சீட்டை எடுத்து வரச் சொன்னேன். அவர் ஓய்வு பெற்றது 2018 இல். மாதாமாதம் காப்புறுதிக்கென்று ஒரு கழிப்பு போய்க்கொண்டிருக்கிறது. "இது என்னெண்டு எனக்குத் தெரியாது புள்ள. பென்சன் காரியாலயம் வெட்டுற ஏதோ காசு எண்டு நினைச்சன்" என்றார். போன வருடம் ஐந்து நாள் வைத்தியசாலையில் இருந்தவர், எதுவுமே கேட்கவில்லை. கேட்கலாம் என்றே அவருக்குத் தெரியாது. அடுத்த நாள் பிரதேச செயலகத்தில் விசாரித்தோம். அந்த ஐந்து நாளுக்கான காலக்கெடு கடந்துவிட்டது. இனி வருவதற்கான படிவங்களோடு திரும்பி வந்தார்.

அவர் ஒப்பம் வைக்கவில்லை. அதே 52,000 ரூபாயை மாதம் 4,300 ரூபாயாகப் பிரித்து, மருந்துக்கென்று தனியாகத் திறந்த சேமிப்புக் கணக்கில் போடுகிறார். நோய் வராத மாதத்தின் காசும் அவருடையதாகவே இருக்கும்.

எல்லோருக்கும் இதுவே சரியென்று நான் சொல்லவில்லை. பெரிய சத்திரசிகிச்சை ஒன்று வந்தால் ஒரு சேமிப்புக் கணக்கு தாங்காது. அதே சங்கத்தில் தையல் தொழிற்சாலையிலிருந்து விலகிய 54 வயது அக்கா ஒருவர் இருக்கிறார். ஓய்வூதியம் இல்லை, நாட்பட்ட நோயும் இல்லை. அவருக்கு நாளாந்தக் கொடுப்பனவுத் திட்டம் ஒன்று பொருந்தியது. புதுப்பிக்கும் வயதெல்லையைப் பத்திரத்திலேயே கண்டபிறகுதான் எடுத்தார். படிவத்தை அவரே வாசித்து அவரே நிரப்பினார். நான் பக்கத்தில் இருந்து தேநீர் மட்டும் குடித்தேன்.

சகோதரிகளே, இந்த வாரம் வீட்டிலுள்ள பெரியவரோடு ஒரு மணித்தியாலம் உட்காருங்கள். கிளினிக் கொப்பி, ஓய்வூதியச் சீட்டு, மருந்துக்கடைப் பற்றுச்சீட்டு மூன்றையும் மேசையில் வையுங்கள். ஒரு வருடச் செலவை எழுதிக் கூட்டுங்கள். முகவர் அதன்பிறகு வரட்டும்.

பெரியம்மா இப்போது மாதாமாதம் அரச கிளினிக்குக்கே போகிறார். கால் ஆறிவிட்டது. அடகிலிருக்கும் மற்றக் காப்பை மீட்க நான் சீட்டொன்று கட்டுகிறேன். தைப்பொங்கலுக்கு முன் மீட்டுவிட வேண்டும் என்பது என் எண்ணம்.

மீண்டும் அடுத்த இதழில் சந்திப்போம்.